2061-இல் அச்சான புத்தகம்

எங்கள் கடையின் இரகசிய எண்ணுக்கு ஒருமுறை விலை வந்தது: ஓடுகிற நிலையில் ஒரு ஸ்கூட்டர், கூடவே ஹெல்மெட். கேட்டவர் எதிர்க்கடைக்காரர். அப்பா உடனே மறுக்கவில்லை. வந்த விலையை எடுத்த எடுப்பில் மறுப்பது எங்கள் தெருவில் மரியாதைக் குறைவு.

"டயர் புதுசா?" என்று கேட்டார்.

"முன் டயர் புதுசு, அண்ணே."

"அப்போ முன்பாதி நம்பர் மட்டும் சொல்றேன். பின் டயர் மாத்திட்டு வந்து மீதியைக் கேட்டுக்கோ."

இருவரும் சிரித்தார்கள், டீ குடித்தார்கள். ஸ்கூட்டர் அங்கேயும் எண் இங்கேயும் இருந்துவிட்டன.

நாங்கள் விற்பது பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி, நூல்கண்டு. தையல்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் எங்களிடம் இருக்கும், தைப்பதைத் தவிர. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 'சரக்கு எண்' என்று போட்டு ஓர் எண். பார்ப்பவர்கள் ஏதோ வரிசை எண் என்று நினைப்பார்கள். உண்மையில் அது நாங்கள் வாங்கிய விலை. ஆனால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பதிலாக வேறோர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். எதற்கு எது என்ற விதி அப்பா, அம்மா, நான் ஆகிய மூவருக்கு மட்டும் தெரியும். பேரம் சூடுபிடிக்கும்போது அட்டையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், எவ்வளவு இறங்கலாம், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. மூட்டையைப் பிரித்ததும் முதல் வேலை, மொத்த வியாபாரியின் பெயர்ச் சீட்டைக் கத்தரிப்பது. சிறுவயதில் அது என் பொறுப்பு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே வெட்டி எறிய வேண்டிய சீட்டுகளில்தான். "இந்த லேஸ் எங்க வாங்கினீங்க?" என்று யாராவது கேட்டால் அம்மா, "மேல இருந்து வருது" என்பாள். பாதிப் பேர் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இப்படி வளர்ந்தவள் நாற்பது வயதுக்கு மேல் மாலைநேரக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். தினமும் கல்லாவுக்கு முன்னால் நடக்கிற பேரத்தைப் பற்றி யாராவது உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்களா, எழுதியிருந்தால் எங்கள் அளவுக்காவது அவர்களுக்குப் பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்க ஆசை. படிப்பை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் இடத்தை நிபந்தனையோடு தந்தார்கள். முதல் பருவத்தில் பத்து ஆதாரங்களோடு ஒரு குறிப்புரைத் துணைநூற்பட்டியல் தர வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் நான் மாணவி. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு என் நாற்காலி.

அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும். ஆனால் வகுப்பு முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் தேவையே இல்லாமல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

அது என்ன பட்டியல் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் கல்லூரி நூலகர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு மேசை முழுக்கத் தேடுகிற மனிதர். ஆனால் எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் என்று கேட்டால் கண்ணாடியில்லாமலே எடுத்துத் தருவார்.

"பத்துப் புத்தகத்தோட பேரை எழுதிக் குடுத்தா போதுமில்ல சார்?"

"போதாது. பேரை யார் வேணா எழுதலாம். படிச்சீங்களான்னு தெரியணும்."

"படிக்காமலா எழுதுவாங்க?"

'இதுதான் கடைசி விலை' என்றதும் நம்பிவிடும் வாடிக்கையாளரை நாங்கள் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் புரட்டி அதன் பின்பக்கத்தைக் காட்டினார்.

"அட்டையை நம்பாதீங்க. விவரமெல்லாம் இங்கதான் இருக்கும். ஆசிரியர், வருஷம், தலைப்பு, எத்தனாவது பதிப்பு, ஊர், பதிப்பகம். இந்த வரிசையிலதான் எழுதணும். பத்திரிகைக் கட்டுரைன்னா எந்த இதழ், எத்தனாவது தொகுதி, எந்தப் பக்கத்துலேருந்து எந்தப் பக்கம். உங்க பட்டியலைப் பார்த்துட்டு முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் நேரா இங்க வந்து அதே பக்கத்தைப் பிரிக்க முடியணும்."

"நடுவுல ஒரு புள்ளி விட்டுப்போனா என்ன சார் ஆயிடும்?"

"சட்டையில நடுப் பட்டன் ஒண்ணு இல்லைன்னா?"

"சட்டையே திரும்பி வந்துடும்."

"இதுவும் வரும்."

அடுத்தது குறிப்புரை. ஒவ்வோர் ஆதாரத்துக்கும் கீழே நாலைந்து வரி. ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எனக்கு அது எதற்கு ஆகும். அவ்வளவுதானா என்றிருந்தது. சரக்கோடு வருகிற ஒவ்வொரு ஏஜென்டையும் நாங்கள் எடைபோடுவது இந்த மூன்றையும் வைத்துத்தான். உற்சாகத்தில் முதல் புத்தகத்துக்கு இப்படி எழுதினேன்: 'பேச்சு அதிகம், சரக்குக் குறைவு. முன்னுரை கண்ணாடி அலமாரி மாதிரி ஜொலிக்கிறது. உள்ளே போனால் கிடங்கு காலி.'

நூலகர் சிரித்தார், பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"நல்லாருக்கும்மா. ஆனா இது திட்டு, குறிப்புரை இல்ல. எந்தச் சரக்கு குறைச்சல்? அதைச் சொல்லுங்க."

மறுபடி படித்தேன். மறுபடி எழுதினேன்: 'ஆசிரியர் ஒரே ஒரு சந்தையில் கண்டதை வைத்து எல்லாச் சந்தைகளுக்கும் முடிவு சொல்கிறார். வாங்குபவர்களிடம் மட்டும் பேசியிருக்கிறார். விற்பவர் ஒருவரையும் கேட்கவில்லை. விலை அட்டவணைகள் மட்டும் எனக்குப் பயன்படும்.'

இந்த நாலு வாக்கியத்துக்காக அந்த மனிதருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். அதற்கு முன்னால் உலகத்தைப் பற்றி எனக்கு இரண்டே அபிப்பிராயம்தான்: நல்ல சரக்கு, மட்டச் சரக்கு. ஒன்று எந்த இடத்தில் நல்லது, எந்த இடத்திலிருந்து நம்பக் கூடாது என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் என் நாத்தனாரைக்கூட அப்படிப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் தேறினாள்.

ஆதாரங்களைத் தேடி எங்கெல்லாமோ அலைந்தேன். கல்லூரி நூலகம், நகர நூலகம், பழைய புத்தகக் கடை. நகர நூலகத்து மாடிப்படிக்கு அடியில் இருந்த கீழ்த்தட்டில் பழைய இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் கிடந்தன. அதற்குள்ளே, விலைச் சீட்டு வருவதற்கு முன் கடைக்காரர்கள் விலை சொன்ன விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை. தும்மிக்கொண்டே நின்றபடி முழுவதும் படித்தேன். நல்ல லேஸ் மலிவாகக் கிடைத்த அன்றுகூட எனக்கு அப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் எங்கள் விரிவுரையாளர் மண்ணைப் போட்டார். சின்ன வயதுப் பெண், பேச்சில் சிக்கனம். ஒருநாள் வகுப்பின் முடிவில் சொன்னார்: "ரெண்டு பிரதி குடுங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு லைப்ரரி மேசையில ஃபைல்ல இருக்கும். யார் வேணா பார்க்கலாம். ஒருத்தர் தேடினது இன்னொருத்தருக்கும் உதவட்டும்."

நான் என் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரரோ சந்தோஷமாகத் திரும்பினார். வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் உத்தியோகம் அவருக்கு. வங்கித் தம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சின்னக் கடைகளில் கடன் சொல்லி வாங்குவது அவருடைய தலைப்பு, எனக்குப் பக்கத்துத் தலைப்பு.

"அக்கா, உங்க லிஸ்ட் வந்துட்டா எனக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

அவர் மரியாதைக்குத்தான் சொன்னார். என் காதில் அது, 'இந்த லேஸ் எங்க வாங்கினீங்க?' என்று விழுந்தது.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து நல்ல பிரதி எழுதினேன். பள்ளிச் சீருடை சீசன். வெள்ளைப் பட்டனுக்கு அடிதடி. ஒரு கையால் பட்டனை அளந்து போட்டுக்கொண்டு மறு கையால் எழுதினேன். ஆசிரியர் பெயரை மாற்ற முடியாது, தலைப்பையும் மாற்ற முடியாது. பக்க எண்ணும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மட்டும் கைக்குத் தாமாக வந்தன, எங்கள் சரக்கு எண் விதிப்படி. தப்புச் செய்கிறோம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. சரக்கைச் சீட்டு ஒட்டாமல் வெளியே வைப்பதுதான் எனக்குத் தப்பாகப் பட்டிருக்கும். விரிவுரையாளருக்கும் அதே பிரதிதான் கொடுத்தேன். நிஜமாக வாங்குகிற ஆள் கேட்பார், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் அதுதான் முறை.

அதற்குப் பிறகு வங்கித் தம்பி என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"அக்கா, உங்க லிஸ்ட்ல ஒரு சின்ன சந்தேகம்..."

"அவசரமா போறேன் தம்பி, கடையில ஆளில்ல."

வேறொரு நாள் நூலக வாசலில்: "அக்கா, அந்தப் பக்கம்..."

"அப்புறம் பேசலாம் தம்பி, பஸ் போயிடும்."

எனக்கு பஸ்ஸே கிடையாது. கடைக்கு நடந்துதான் போவேன். ஆள் மோப்பம் பிடித்துவிட்டார், விடக் கூடாது என்று பெருமையாக நடந்தேன்.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் பட்டியல் மேசைமேல் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"உட்காருங்க. இந்த எட்டாவது புத்தகம் எங்க கிடைச்சுது?"

'மேல இருந்து வருது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நம்ம லைப்ரரிலதான் மேடம்" என்றேன்.

"2061-ல அச்சானதுன்னு போட்டிருக்கீங்க. உலகத்துக்கே முன்னாடி படிச்சிருக்கீங்க, வாழ்த்துகள்."

நான் தாளைப் பார்த்தேன். இருபதுக்குப் பின்னால் சுழியும் எட்டும் இருந்திருக்க வேண்டும். எங்கள் விதியில் சுழிக்கு ஆறு, எட்டுக்கு ஒன்று. சரக்கு எண்ணை வருஷமாகப் படித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஏது?

"அதைக் கைப்பிழைன்னு விட்டிருப்பேன். அதே புத்தகத்துல பதினாறாம் பக்கம்னு சொல்றீங்க. அங்க ஒரு தராசுப் படம் மட்டும்தான் இருக்கு. மத்த ஒன்பதும் பார்த்தேன். ஒண்ணுகூட சொன்ன இடத்துல இல்ல." குரல் உயரவே இல்லை. "இல்லாத இடத்தை இருக்குன்னு காட்டினா இங்க அதுக்குப் போலி ஆதாரம்னு பேரு. இந்தக் காலேஜ்ல உங்க சீட்டு நிபந்தனைச் சீட்டுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். அந்த அறையின் மின்விசிறிகூடத் 'தெரியும் தெரியும்' என்றுதான் சுற்றியது. எல்லாவற்றையும் சொன்னேன்: கடை, சீட்டு, விதி, எதிர்க்கடை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி. இப்போ நீங்க போய்ச் சரியான பக்கத்தைப் பார்த்து எழுதிட்டு வந்தா, அது அப்பவே தெரிஞ்சதா இப்ப தேடினதான்னு நான் எப்படிச் சொல்றது? விதி இருக்குன்னா அந்த விதியைச் சொல்லுங்க. நானே போட்டுப் பார்க்கிறேன். பத்தும் சரியா வந்தா நம்பறேன்."

நியாயமான பேச்சு. அதைவிட நியாயமாக யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை. 

"அது என் தனிச் சொத்து இல்ல மேடம். வீட்ல கேட்கணும்."

"திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னாடி வாங்க. அதுக்கு மேல தள்ளிப்போட எனக்கு அதிகாரம் இல்ல."

மறுநாள் மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அப்பாவிடம் சொன்னேன். நூல்கண்டுப் பெட்டியை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அந்த மேடம் கடை வச்சிருக்காங்களா?"

"இல்லப்பா, காலேஜ்ல பாடம் எடுக்கிறாங்க."

"சொந்தக்காரங்க யாராவது லேஸ் வியாபாரம்?"

"தெரியாதுப்பா."

"விசாரிக்காம எப்படிம்மா..."

பில் போடும் மேசையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏங்க, பொண்ணுக்கு காலேஜ் சீட்டு போகப் போகுது. நீங்க இன்னும் அந்த நம்பரை மடியில கட்டிக்கிட்டு உட்காருங்க."

"நான் மாட்டேன்னு சொன்னேனா? வெலை பேசிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

அதற்குள் ஒரு தையல்காரர் வந்து கறுப்பு ஜிப் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார், பேரம் பேசினார், அட்டையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார், முடித்து அனுப்பினார். அந்த அட்டையைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. பின்னால் இருந்த சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"நீ போய்ச் சொல்லிட்டா அது நம்ம நம்பர் இல்லையே. வேற போட வேணாமா?"

"கடை முழுக்கவா?"

"ஏன், பாதிக் கடைக்குப் போட்டா பாதிப் பேர்தான் ஏமாறுவாங்களா? ஈரத்துணி எடு."

ஒரு ஹூக்குக்குக்கூடத் தள்ளுபடி தராத மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டுச் சுரண்டினோம். பழைய பசை லேசில் விடவில்லை. புதிய விதியை அம்மாதான் உண்டாக்கினாள், பழையதைவிடக் கெட்டிக்காரத்தனமாக. அப்பாவுக்கே இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"வருத்தமா இருக்காப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லாம? நெறைய இருக்கு. அந்தப் பின்னாடி டிராயரையும் எடு."

திங்கட்கிழமை விதியை ஒரு தாளில் எழுதி மடித்து எடுத்துக்கொண்டு போனேன். விரல் நுனியெல்லாம் பசை. நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பிரிக்கப் போனேன். விரிவுரையாளர் கையமர்த்தினார்.

"முதல்ல இதைப் படிங்க. சனிக்கிழமை இன்னொருத்தர் குடுத்த லிஸ்ட்."

வங்கித் தம்பியின் பட்டியல். நான்காம் பதிவில் விரிவுரையாளர் பென்சிலை வைத்துக் காட்டினார். என் எட்டாவது புத்தகம். அதன் குறிப்புரையின் கடைசியில் இப்படி இருந்தது: 'இந்நூலை எனக்குக் காட்டியது என் வகுப்புத் தோழியின் பட்டியல்.' என் பெயரை முழுதாக எழுதியிருந்தார். 'அதில் 2061 என்றும் பக்கம் 16 என்றும் உள்ளது. நான் பார்த்த பிரதியில் 2008, பக்கம் 80. அவர் குறிப்புரையில் சொல்லும் செய்தி எண்பதாம் பக்கத்தோடு முற்றிலும் பொருந்துகிறது. அவர் பட்டியல் இல்லாவிட்டால் இந்நூல் என் கண்ணில் பட்டிருக்காது.'

இன்னும் மூன்று இடங்களிலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் என் பெயர், சரியான பக்கம், யாரால் கிடைத்தது என்ற ஒரு வரி.

நான் இரண்டாம் தரம் படித்தேன். எங்கள் தெருவில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று வெளியே தெரிந்துவிட்டால் அது நஷ்டம். இந்த மனிதர் அதை நான்கு இடத்தில், யாரும் கேட்காமல், தன் கையால் எழுதியிருந்தார். அதுவும் யார் பார்க்கக் கூடாது என்று நான் கதவைச் சாத்தினேனோ, அந்த மனிதர்.

"இதுக்கப்புறம் உங்க குறிப்புரையை எல்லாம் புத்தகத்தோட வச்சுப் பார்த்தேன்" என்றார் விரிவுரையாளர். "விக்கிறவங்களைக் கேட்கலைன்னு ஒருத்தரைப் பத்தி எழுதியிருக்கீங்களே, அதைப் படிக்காதவங்க எழுத முடியாது. நம்பர் எல்லாம் பொய், மத்ததெல்லாம் நிஜம். இப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. திருத்திக் குடுங்க, ஏத்துக்கிறேன். அந்த விதியை நீங்க சொல்ல வேண்டாம். அது உங்க வீட்டு விஷயம்."

அப்பாவின் நகக்கண் நினைவுக்கு வந்தது. இவ்வளவு சுரண்டியதும் வீணா?

"இல்ல மேடம், சொல்லிடறேன். நேத்து வரைக்கும்தான் அது வீட்டு விஷயம். இன்னைக்குக் காலையிலேருந்து வேற நம்பர்."

அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். தாளை வாங்கி, பத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். புதிர் கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. பத்தும் சரியாக வந்தன.

"இவ்வளவு நல்ல ஆதாரத்தைக் கையில வச்சுக்கிட்டு வெளியில தேடினீங்களே" என்றார். "இதை உங்களுக்குச் சொல்லித் தந்தவரைப் பேட்டி எடுத்துப் பட்டியல்ல சேருங்க."

கீழே இறங்கினால் வங்கித் தம்பி ஏறி வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை நான் நிறுத்தினேன்.

"தம்பி, அன்னைக்கு என்ன கேட்க வந்தீங்க?"

"பக்க நம்பர்தான் அக்கா. எங்கயோ மாறிப்போயிருக்குன்னு சொல்லலாம்னு. உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"சொன்ன இடத்துல இல்லைன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முழுசா படிச்சேன்."

"நாலையுமா?"

"பேங்க்ல ஒரு நம்பர் உதைச்சா தூக்கிப் போட மாட்டோம் அக்கா. சரியானது எதுன்னு தேடுவோம். நீங்க எழுதியிருந்ததைப் பார்த்தா எங்கயோ இருக்கும்னு தெரிஞ்சுது. அந்த 2061-தான் கொஞ்சம் பயமுறுத்துச்சு. ரிட்டையர் ஆகி உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருக்குமோன்னு நினைச்சேன்."

உண்மையைச் சொன்னேன். மாறிப்போகவில்லை, மாற்றினேன், அவருக்காகவே மாற்றினேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"அப்போ நான் எதிர்க்கடையா?"

"போன வாரம் வரைக்கும்."

"பரவால்ல அக்கா. முழுசா படிச்சதுல எனக்கு வேற ரெண்டு விஷயம் கிடைச்சுது. சரியான பக்கம் போட்டிருந்தா அதை மட்டும் பார்த்துட்டு மூடி வச்சிருப்பேன்."

எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று என்னால் எடைபோட முடியவில்லை. எடைபோடாமலே வாங்கிக்கொண்டேன்.

நேர்காணலை எப்படி எழுதுவது என்று நூலகர் காட்டினார்: பேசியவர் பெயர், தொழில், நேரில் பேசியதா, தேதி. அப்பாவிடம் அனுமதி கேட்டேன்.

"என் பேரு எதுக்கும்மா அதுல?"

"யார் சொன்னாங்கன்னு போடணும்பா. அதுதான் முறை."

"எதிர்க்கடைக்காரன் கண்ணுல பட்டா?"

"பழைய நம்பர்தானேப்பா."

அப்பா யோசித்தார். "அப்போ நல்லா பெருசா போடு."

பெரிதாகப் போட இடமில்லை, எல்லோருக்கும் ஒரே எழுத்தளவுதான் என்று சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கீழே நான் எழுதிய குறிப்புரை இது: 'தையல் பொருள் வியாபாரி. வாங்கிய விலையைச் சரக்கு எண்ணாக மாற்றி எழுதும் முறையைத் தாம் கையாண்டபடியே விளக்குகிறார். வேறெங்கும் எழுதப்படாத செய்தி. என் ஆய்வின் முதல் அத்தியாயத்துக்கு அடிப்படை. சொல்பவர் நம்பத் தகுந்தவர். வாங்கிய விலையைச் சொல்லும்போது மட்டும் வேறோர் ஆதாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்.'

விரிவுரையாளர் அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கவில்லை. பட்டியலின் தலையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அம்மாவிடம் நீட்டினேன். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பதினொன்றையும் படித்தாள், அப்பாவுடையதை இரண்டு தடவை.

ஒன்றுதான் பிடிபடவில்லை. பக்கத்தைத் திருத்தித் தந்தவரைப் பட்டியலில் எந்த இடத்தில் போடுவது என்று நூலகரிடம் கேட்டேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "பட்டியல்ல அதுக்கு இடமில்லம்மா. கடைசியில நன்றின்னு தனியா ஒரு வரி போட்டுக்கலாம்." போட்டேன். வங்கித் தம்பியின் பெயரை முழுதாக, இலக்கம் எழுத்து எதையும் மாற்றாமல்.

ஆகக் கணக்கு இது. நூல்கள் ஏழு. இதழ்க் கட்டுரைகள் மூன்று. நேர்காணல் ஒன்று. மொத்தம் பதினொன்று, கேட்டது பத்து. பக்க எண்கள் எல்லாம் நேர். வங்கித் தம்பி என் பெயரை எழுதியது நான்கு இடம். நான் அவர் பெயரை எழுதியது ஓர் இடம். பாக்கி மூன்று.